உதட்டைக் கடித்த மைக்

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்று காலை ஏழே காலுக்கு என் மைக் என்னைக் கடித்தது.

நிஜமாகவே கடித்தது. புதிதாக வந்திருக்கும் நூறு வாட் ரேடியோவில் விருதுநகர் ஜோயலைக் கூப்பிட்டு "காலை வணக்கம்" சொல்லத் தொடங்கினேன். பாதி வணக்கத்தில் கீழுதட்டில் சுருக்கென்று ஓர் அடி. மைக்கின் வலைத்தகட்டில் உதடு பட்டிருக்கிறது. ஜோயல் அங்கிருந்து, "என்ன சார், பாதியில கத்துதீங்க? கூடவே பின்னால ஒரு இரைச்சலும் வருது" என்று கேட்டார். நான் கத்தவில்லை, இருமினேன் என்று சொல்லிவைத்தேன்.

இந்த நோட்டைப் பிற்காலத்தில் யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இருபத்து நான்கு வருஷமாக எழுதுகிறேன். அவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் குற்றாலிங்கம். பாளையங்கோட்டையில் மேல்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர். முறையாகப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரன். வீட்டின் முன்மூலையில் முப்பதடிக் கம்பம், அதன் உச்சியிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் ஆன்டெனாக் கம்பி, உள்ளறையில் ரேடியோ. இவ்வளவும் இருந்தால் ஃபோன் இல்லாமலே ஊர் ஊராகப் பேசலாம். புயலிலும் வெள்ளத்திலும் ஃபோன் படுத்துவிட்டால் செய்தி அனுப்ப எங்கள் கூட்டத்தைத்தான் தேடுவார்கள்.

அதற்காக வருஷா வருஷம் மழைக்கு முன் ஓர் ஒத்திகை நடக்கும். இந்த வருஷம் அக்டோபர் 13. தென் மாவட்டங்களிலிருந்து இருபத்திரண்டு நிலையங்கள் வரும். ஆறு வருஷமாக ஜோயல்தான் தலைமை நிலையம், அதாவது எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழிநடத்துபவர். இந்த வருஷம் முதல் முறையாக அந்தப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் யார் என்ன கேட்டாலும் ஒத்திகையில் கொண்டுபோய் முடிக்கிறேன்.

இந்த நேரத்தில் மைக் கடிக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். ரேடியோவுக்குச் சரியான எர்த் இல்லை. பூமிக்குள் போக வேண்டியது போக வழியில்லாமல் ரேடியோவின் உடம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய ரேடியோ இருபது வாட், அதனால் தெரியவில்லை. இது நூறு வாட்.

உதட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கோமதி, என் மனைவி, கேட்டாள்: "ஃபிரிட்ஜு கடிக்கிறதை விடவா ஜாஸ்தியா கடிச்சிட்டு?"

அவளுக்கும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் பழைய மனஸ்தாபம். அதைத் தொட்டால் கையில் சுர்ரென்கிறதாம். கைப்பிடியில் ஒரு துணியைச் சுற்றி வைத்திருக்கிறாள். கீழே பலகை போட்டிருக்கிறாள். சமையலறைக்கென்று தனியாக ரப்பர் செருப்பும் உண்டு. சிலருக்கு உடம்பு வாகு அப்படி.

செப்டம்பர் 30, திங்கள்

காலாண்டு விடுமுறை. காலையில் ஒரு மணி நேரம் சோதனை ஒலிபரப்பு. மைக்கை உதட்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்ததால் கடிக்கவில்லை. வெற்றி என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு மெஹருன்னிசா வந்தார். வங்கியில் வேலை. கோபக்காரர் இல்லை, ஆனால் இன்று முகம் சரியில்லை.

"சார், காலையிலேருந்து எங்க வீட்டு காலிங் பெல் அடிச்சிக்கிட்டே இருக்கு. போயிப் போயிக் கதவத் திறக்கேன், ஒருத்தரும் இல்ல. எட்டு தடவ ஆயிட்டு. கடைசியில பாத்தா, நீங்க உள்ள பேசும்போது பெல் அடிக்கி, நிறுத்துனா நின்னுருது."

நான் வியப்படைந்தவன்போல் பாவனை செய்தேன். உண்மையில் உள்ளூர மகிழ்ச்சி. சிக்னல் அவ்வளவு பலம்!

கோமதி அவரை உட்கார வைத்துக் காபி போட்டாள். பால் எடுக்க மெஹருன்னிசா தானே எழுந்தபோது, "ஐயோ, நீங்க அதைத் தொடாதீங்க, நான் எடுக்கேன்" என்று ஓடினாள். விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது என்ற பண்பாடு.

ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுவதாக மெஹருன்னிசாவிடம் வாக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

எலக்ட்ரீசியன் சவரிமுத்து அண்ணாச்சி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைப் பார்ப்பார், பிறகுதான் ஆளை.

உள்ளறை ஜன்னலுக்கு வெளியே எர்த் குழி போடுவதென்று முடிவானது. ஆறடி ஆழம், நடுவில் துளை போட்ட இரும்புக் குழாய், சுற்றிலும் கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. அங்கிருந்து செம்புப் பட்டை நேராக ரேடியோவுக்கு. கரியும் உப்பும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஈரம் இருந்தால்தான் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். இதைப் பத்தாம் வகுப்பில் புவித் தொடுப்பு என்ற தலைப்பில் வருஷா வருஷம் நடத்துகிறேன். படம் அழகாகப் போடுவேன்.

"ரேடியோ எர்த்தையும் வீட்டு எர்த்தையும் ஒண்ணாச் சேத்துரணும் சார். தனித்தனியா விட்டா ரெண்டும் சண்ட போடும்" என்றார்.

"தெரியும், தெரியும்."

"வீட்டு எர்த்து எப்பிடி இருக்கு?"

"பிரமாதமா இருக்கு" என்றேன். இந்த வீட்டை நாங்கள் வாங்கும்போதே எல்லா சாக்கெட்டும் மூன்று துளை.

அக்டோபர் 2, புதன்

ஒன்றரை அடியில் சுக்கான் பாறை. கடப்பாரை டங்கென்று திரும்பி வருகிறது. அண்ணாச்சி கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அது நல்ல அறிகுறி அல்ல.

அக்டோபர் 3, வியாழன்

இரண்டே கால் அடி. நானும் கடப்பாரை பிடித்தேன். உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.

கோமதி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தாள். "அந்தக் கம்பத்தை நட்டதுலேருந்துதான் ஃபிரிட்ஜு ஷாக்கடிக்கி. ஒரு எட்டு அதையும் பாருங்கன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லுங்களேன்" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஒன்பது வருஷமாக இதே கதை. கம்பத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது வெறும் இரும்பு, சிமென்ட்டில் நிற்கிறது. ஒரு கம்பத்தை வாசலில் நட்டால் அடுக்களையில் ஃபிரிட்ஜ் எப்படி ஷாக் அடிக்கும்? மண்வெட்டியின் காம்பால் மண்ணிலே படம் போட்டு, மின்சுற்று என்றால் என்ன என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "படம் நல்லாத்தான் இருக்கு" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணாச்சி கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உயரத்தை வியந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 5, சனி

மூன்றரை அடி. பாறை உடைக்க அண்ணாச்சி தன் மச்சானையும் கூட்டி வந்தார். மூன்று பேரும் மாறி மாறி இடித்தோம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, "கிணறா சார்?" என்கிறார்கள். ஒருவர் மட்டும், "புதையலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கொப்புளத்தோடு சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. ஐந்தடி.

இரவுச் சாப்பாட்டின்போது ஜோயல் ஃபோனில் கூப்பிட்டார். "சார், இரைச்சல் சரியாயிட்டா? தலைமை நிலையத்துல இரைச்சல் இருந்தா மத்தவங்க பேசுறது கேக்காது. தப்பா எடுக்காதீங்க, முடியலைன்னா நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷம் அவர் நடத்தினாரே, நான் ஒரு வருஷம் நடத்தக் கூடாதா? "ஞாயிற்றுக்கிழமை என் சிக்னலைக் கேட்டுட்டுப் பேசுங்க ஜோயல்" என்றேன். கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

கோமதி துணி துவைக்கும்போது "அம்மா" என்றாள். கேட்டதற்கு, வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜோடு சேர்ந்துகொண்டதாம். ஈரக்கையோடு தொடாதே என்றேன். "துணி துவைக்கிறவ கை எப்பவாவது காஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். பதில் யோசிப்பதற்குள் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார்.

அக்டோபர் 10, வியாழன்

குழி முடிந்தது! ஆறடி. குழாய் இறக்கி, கரி, உப்பு, கரி, உப்பு என்று நிரப்பிப் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். அண்ணாச்சி இரவல் வாங்கிவந்த மீட்டரை வைத்துப் பார்த்தார். நான்கு ஓம். ஐந்துக்குக் கீழே இருந்தாலே நல்ல எர்த். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதில் அவருக்குக் கிராம்பு விழுந்துவிட்டது.

செம்புப் பட்டையும் வந்துவிட்டது, இருபதடி. குழியிலிருந்து ரேடியோவுக்குச் சரியாக இருக்கும். சனிக்கிழமை காலையில் மாட்டிவிட்டால் ஞாயிறு ஒத்திகை.

"மீட்டர் கையிலதான இருக்கு சார், வீட்டு எர்த்தையும் ஒரு தடவ பாத்துருவமா?" என்றார்.

"ஒத்திகை முடியட்டும் அண்ணாச்சி. இப்ப அதுல கைவச்சா இது கெட்டுப்போயிரும்."

நாளை ஆயுத பூஜை. கடப்பாரை, மண்வெட்டி, குறடு, ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் இங்கேயே கழுவி வைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி வீட்டில் மாதா படம்தான். ஆனாலும் ஆயுத பூஜைக்கு அவர் சாமான்கள் வருஷா வருஷம் ஏதாவது ஒரு வீட்டில் பொட்டு வாங்கிவிடும்.

அக்டோபர் 11, வெள்ளி

எழுத உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ரேடியோவை மனையில் வைத்து மாலை போட்டேன். மைக்குக்கும் பொட்டு வைத்தேன், இனிமேல் கடிக்காதே என்று வேண்டிக்கொண்டு. அண்ணாச்சியின் கடப்பாரை, என் நோட்டுகள், மிக்ஸி, கோமதியின் அரிவாள்மணை எல்லாம் வரிசையாக. சுண்டல், பொரி, பாயசம். கோமதி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டு போனாள். பூஜை நாள் ஆகையால் செருப்பில்லை. தரை அப்போதுதான் துடைத்த ஈரம். விரலில் ஈரச் சந்தனம்.

ஃபிரிட்ஜின் கதவில் பொட்டு வைத்தாள்.

கிண்ணம் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பேச வாய் திறந்தும் பேச்சு வரவில்லை. நான் மெயின் சுவிட்சை எப்படி அணைத்தேன், எப்போது திரும்பி வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "கோமதி, கோமதி" என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் தெரியும்.

ஒரு நிமிஷம் கழித்து, "கை விட்டுட்டு. விடலைன்னா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டாள். அதிகம் ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் காட்டியாயிற்று. இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது, ஓய்வு எடுத்தால் போதும் என்றார்.

திரும்பி வந்ததும் ஒரு பல்பு ஹோல்டரையும் இரண்டு வயரையும் எடுத்தேன். மெயினைப் போட்டு, சாக்கெட்டின் கரண்ட் துளைக்கும் எர்த் துளைக்கும் நடுவில் பல்பைத் தொட்டேன். எர்த் இருந்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. ஹாலில் எரியவில்லை. அடுக்களையில் எரியவில்லை. உள்ளறையில் எரியவில்லை. இந்த வீட்டில் ஒரு சாக்கெட்டில்கூட எர்த் இல்லை. பத்து நிமிஷ வேலை இது. பத்தாம் வகுப்புப் பையன்களுக்குச் செய்து காட்டுகிறேன். என் வீட்டில் ஒன்பது வருஷமாகச் செய்யவில்லை.

மெயினை மறுபடி அணைத்தேன். வீட்டு எர்த் எங்கே அறுந்தது என்று உடனே தோண்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கடப்பாரையில் கைவைத்தேன்.

"பூஜையில வச்ச ஆயுதத்த இன்னிக்கி எடுக்கக் கூடாது. நாளைக்கு மறுபூஜை போட்டுட்டு எடுங்க."

"ஏட்டி, இப்பமா சாஸ்திரம்?"

"ஒம்பது வருஷம் பொறுத்தாச்சு. இன்னும் ஒரு பொழுது பொறுக்க மாட்டனா?"

கையை எடுத்துவிட்டேன். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டேன்.

கரண்ட் இல்லாத வீட்டில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். பாயசம் கெடுவதற்குள் மெஹருன்னிசா வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் கோமதி பூ கட்டினாள். பூஜையில் வைத்த புத்தகத்தையும் படிக்கக் கூடாதுதான். ஆனாலும் அவள் சொன்னது மனதை அரித்தது. "கம்பத்தை நட்டதுலேருந்துதான்." கம்பம் நட்ட வருஷத்து நோட்டு பரணில் இருந்தது, பூஜையில் இல்லை. எடுத்துப் பார்த்தேன். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"இன்று கம்பம் நட்டாயிற்று! சுக்கான் பாறையில் குழி தோண்ட இரண்டு நாள் ஆகும் என்று கொத்தனார் பயமுறுத்தினார். நம் அதிர்ஷ்டம், முன்மூலையில் தயாராகவே ஒரு குழி கிடைத்தது. மேலே ஒரு சிமென்ட் மூடி, உள்ளே முழுக்கக் கரி. முன்பு இருந்தவர்கள் அடுப்புக்கரி கொட்டி மூடியிருப்பார்கள் போலும். கரியை அள்ளிக் கொட்டினோம். நடுவில் துருப்பிடித்த குழாய் ஒன்று நின்றது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கிவிட்டோம். அதிலிருந்து சுவருக்குப் போன கம்பியைக் கொத்தனார் வெட்டிவிட்டார். நல்லதாயிற்று, காலைத் தடுக்கும். குழாயைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினேன். கோமதி, பழம் நன்றாக இருக்கிறது என்றாள்."

நான்கு தடவை படித்தேன்.

கரி. குழாய். குழாயிலிருந்து சுவருக்குக் கம்பி. இந்தப் பத்து நாளாக ஜன்னலோரத்தில் எதைப் பாறை உடைத்துத் தோண்டினேனோ, அது முன்மூலையில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. வீட்டைக் கட்டியவர்கள் ஒழுங்காகப் போட்டுவைத்த எர்த் குழியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதில் சிமென்ட் கொட்டிக் கம்பத்தை நட்டிருக்கிறேன். வீட்டின் எர்த்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருக்கிறேன். அதை அவளுக்கே தின்னக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த பக்கங்களையும் புரட்டினேன். கம்பம் நட்ட பதினோராம் நாள்: "கோமதிக்கு ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்கிறதாம். செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்." பிறகு அடுத்த வருஷ நோட்டு, அதற்கடுத்தது. வெளிச்சம் மங்குகிறவரை பார்த்ததில் முப்பத்தோரு இடத்தில் அவள் ஷாக் என்று சொல்லியிருக்கிறாள். நானே என் கையால் எழுதிவைத்திருக்கிறேன். முப்பத்தோரு இடத்திலும் பதில் செருப்பு, அல்லது பலகை, அல்லது "சிரித்தேன்."

மைக் என்னை ஒரு தடவை கடித்தது. மறுநாளே ஆறடிக் குழிக்கு ஆள் சொல்லிவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது. அவள் கை விடாமல் இருந்திருந்தால்?

அக்டோபர் 12, சனி

விடிந்ததும் கோமதி மறுபூஜை போட்டாள். கற்பூரம் அணைவதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். பழைய நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டுக் கம்பத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கி அம்மா சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் சார். நீங்க படம்லாம் போட்டு விளக்குனீங்க, அதான் பேசாம இருந்துட்டேன்."

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

இப்போது சிக்கல் செம்புப் பட்டை. இருபதடிதான் இருக்கிறது. குழியிலிருந்து ரேடியோவுக்கும் இருபதடி, குழியிலிருந்து வீட்டின் மெயின் போர்டுக்கும் இருபதடி. அண்ணாச்சி பஜாரைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார். விஜயதசமி, பாதிக் கடை பூட்டு, திறந்த கடையில் சரக்கு இல்லை. இனித் திங்கட்கிழமைதான். அவசரத்துக்குச் சாதா வயரைப் போட்டு ஒப்பேற்ற அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"எதுக்குப் போட சார்?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் கோமதி உள்ளிருந்து வந்தாள். "ரேடியோவுக்கே போடுங்க அண்ணாச்சி. அவுக ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்காக. நாளைக்கு ஒருநாள் நான் மெயின அணைச்சிட்டு விறகடுப்புல பாத்துக்கிடுதேன். பேட்டரியில அவுக பேசட்டும்."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"போர்டுக்குப் போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

ஒரு மணிக்கு முடிந்தது. சாக்கெட் சாக்கெட்டாகப் பல்பை வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பளிச்சென்று எரிந்தது. அதோடு விடவில்லை. எங்காவது கரண்ட் ஒழுகினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்றும் போர்டில் மாட்டியாயிற்று. மெயினைப் போட்ட ஐந்தாவது நிமிஷம் அது அணைந்தது. காரணம் ஃபிரிட்ஜேதான். உள்ளே ஒரு வயர் உரிந்து தகட்டில் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பூமிக்குள் போக வழியில்லாத அந்தக் கரண்ட்தான் எர்த் வயர் வழியாக வாஷிங் மெஷினுக்கும் போயிருக்கிறது. அண்ணாச்சி பிரித்துச் சரிசெய்தார்.

சாயங்காலம் ஜோயலைக் கூப்பிட்டேன். "தலைமை நிலையம் நீங்களே பாத்துக்கிடுங்க. என் ரேடியோ நூறு வாட்டுக்குத் தயாராகலை. பேட்டரியில அஞ்சு வாட்டுல வாரேன்."

"என்ன சார், என்ன ஆச்சு?"

"நாளைக்குச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். பேரிழப்பு ஒன்றுமில்லை என்று எழுதினால் பொய். நெஞ்சு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

காலை எட்டு மணி. பேட்டரியில் ரேடியோ. ஐந்து வாட்டில் மைக் கடிக்கவில்லை, மெஹருன்னிசாவின் பெல்லும் அடிக்கவில்லை. கோமதி அறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜோயல் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிட்டார். பெயர், ஊர், மின்சாரம் எங்கிருந்து, நிலையத்தில் கோளாறு ஏதும் உண்டா என்று கேட்பது முறை. நாகர்கோவில், கோளாறு இல்லை. தென்காசி, கோளாறு இல்லை. சாத்தூர், கோளாறு இல்லை. ஒவ்வொருவரும் அதே பாட்டு. பதினேழாவதாக என்னைக் கூப்பிட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நேற்று அதுதான் யோசனையாக இருந்தது. மைக்கை எடுத்தேன்.

"பாளையங்கோட்டை, குற்றாலிங்கம். பேட்டரி, ஐந்து வாட். கோளாறு உண்டு. என் வீட்டில் ஒன்பது வருஷமாக எர்த் இல்லை. ஆன்டெனாக் கம்பம் நடுவதற்காக வீட்டு எர்த் குழியை நானே பிடுங்கிப்போட்டேன், எர்த் குழி என்றே தெரியாமல். அன்றிலிருந்து என் மனைவிக்கு ஷாக் அடித்துக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளை இழந்திருப்பேன். நான் இயற்பியல் ஆசிரியர். ஓவர்."

பிறகு ஜோயல் வந்தார், குரல் மாறியிருந்தது. "எல்லா நிலையங்களும் கவனிக்க. ஒத்திகை இருபது நிமிஷம் நிறுத்தம். அவங்கவங்க வீட்டு எர்த்தைப் பல்பு வச்சுப் பாத்துட்டு வாங்க. நானும் பாக்கப் போறேன்."

இருபது நிமிஷம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நாகர்கோவிலில் எரிகிறது. தென்காசியில் மங்கலாக எரிகிறது. சாத்தூரில் எரியவே இல்லை. அவருடைய மனைவியும் ஒரு வருஷமாகக் கிரைண்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மொத்தம் ஐந்து வீடுகளில் எரியவில்லை. கடைசியாக ஜோயல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "விருதுநகர், ஆறாவது" என்றார்.

நான் பதில் சொல்ல மைக்கின் பேச்சுப் பொத்தானை அழுத்தினேன். அப்போதுதான் வாசலிலிருந்து கோமதி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நான் ஒம்பது வருஷமாச் சொன்னது ஒருத்தர் காதுல விழல. நீங்க ஒரு தடவ சொன்னீங்க, இருபத்திரண்டு வீட்ல பல்பு மாட்டிப் பாக்காங்க."

எழுந்து நின்றேன். அவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயமா வேறெதுவா என்று கேட்கும் தைரியம் இல்லை. "தப்பு என் மேலதான் கோமதி. நீ சொன்னத நான் மதிக்கவே இல்ல. என்ன மன்னிச்சிரு" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் அவளிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மைக் கையிலேயே இருந்தது. கட்டைவிரல் அதன் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. பதறி விரலை எடுத்த உடனே ரேடியோ முழுக்கச் சிரிப்பு.

"பாளையங்கோட்டை," என்றார் ஜோயல், தலைமை நிலையத்தின் கம்பீரத்தோடு. "அம்மா சொன்னதும் நீங்க சொன்னதும் எல்லா நிலையங்களுக்கும் தெளிவாக் கிடைச்சுது. பதில் வந்துட்டா? ஓவர்."

கோமதியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள்.

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அப்படியே சொன்னேன்.